பள்ளியா, பல்லியா?

சென்ற நோன்பு மாதத்தில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் சாச்சியின் மகன் ஒரு செய்தி போட்டான். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். "வாப்பா பள்ளிக்குள்ள ஈக்கிறாங்க" என்பதுதான் அவன் சொல்ல வந்தது. ஆனால் ஆங்கில எழுத்தில் ளகரமும் லகரமும் ஒன்றுதானே? "வாப்பா பல்லிக்குள்ள ஈக்கிறாங்க" என்றும் அதைப் படிக்கலாம். தராவீஹ் நேரம் என்பதால் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விளங்காதவர் மாதிரி நடித்த என் நாநா, அதற்குக் கீழே சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு பல்லியின் படத்தை அனுப்பினார். குழுமம் முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். சிரிக்காத ஒரே ஆள் உம்மும்மா. அவருக்குச் செய்தியையும் படிக்க முடியவில்லை, பல்லி எதற்கு வந்தது என்றும் தெரியவில்லை.

உம்மும்மா எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர். ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர். பத்திரிகை வந்தால் மரண அறிவித்தலில் தொடங்கி கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடமாட்டார். அவருக்குத் தெரியாதது ஆங்கில எழுத்து மட்டுமே. டோஹாவில் இருக்கும் மாமா அவரோடு பேசுவதற்காகத்தான் இந்தக் குழுமமே திறக்கப்பட்டது. இப்போது அதில் 31 பேர் இருக்கிறோம். ஒரு நாளைக்கு நூறு செய்திகளாவது வருகின்றன. அத்தனையும் தமிழ், ஆனால் அவரால் படிக்க முடியாத தமிழ். யாராவது குரல் பதிவு போடுவார்களா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பார்.

தமிழ் அழிகிறது, தமிழைக் காப்போம் என்று தமிழ்த்தினப் போட்டியில் மூன்று நிமிடம் பேசி மணி அடித்ததும் இறங்குகிற பேச்சுகளைத் தரம் 6இலிருந்து கேட்டு வருகிறேன். பேசி முடித்துக் கீழே வந்தவுடன் அதே பேச்சாளர் போனை எடுத்து, "பரிசு கிடைச்சிட்டு" என்று ஆங்கில எழுத்தில் வீட்டுக்குச் செய்தி அனுப்புவார். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அப்படித் தட்டுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களைத் தெரிந்துகொள்ளாமல் "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவதில் பயனில்லை.

முதலாவது, இந்தப் பழக்கத்தைக் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் அல்லர். எங்கள் உம்மா, வாப்பாமார்தான். அவர்கள் வாங்கிய முதல் போனில் தமிழ் எழுத்தே இருக்கவில்லை. பிறகு தமிழ் வந்த போன்களிலும் குறுஞ்செய்திக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் ஓர் எழுத்துத் தட்டினாலும் முழுச் செய்தியும் யுனிகோட் முறைக்கு மாறி, 70 தான் அடங்கும். அந்த எழுபதும் முழு எழுத்துகள் அல்ல. 'கு' என்பதை நாம் ஓர் எழுத்து என்கிறோம். போன் அதைக் ககரம் ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டாக எண்ணும். ஆகவே "பெருநாள் வாழ்த்துகள்" என்று தொடங்கி நாலு வார்த்தை துஆவும் எழுதி முடிப்பதற்குள் இரண்டு செய்திக்கான காசு போய்விடும். காசைப் பார்த்தவர்கள் ஆங்கில எழுத்துக்குப் போனார்கள். இன்று வட்ஸ்அப்பில் எழுத்துக்குக் காசு இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் எங்களுக்குச் சொத்தாக வந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் பாமினி. கல்யாணக் கார்ட் அடிக்கும் கடையில் அக்காமார் மின்னல் வேகத்தில் தட்டுவார்களே, அந்த எழுத்துரு. பார்ப்பதற்கு அழகான தமிழ். ஆனால் கணினிக்கு அது தமிழ் அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் போர்வை கழன்றுவிடும். அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியுமாக ஒரு குப்பை தெரியும். யுனிகோட்டின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. நான் பிறப்பதற்கு எத்தனையோ வருடத்துக்கு முந்திய விஷயம். இருந்தும், எத்தனை அழைப்பிதழ், எத்தனை நினைவு மலர், எத்தனை வினாத்தாள் இன்னும் பாமினியிலேயே அச்சாகின்றன என்று பாருங்கள். அவற்றை இணையத்தில் ஏற்றினாலும் தேடலில் கிடைக்காது.

மூன்றாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினால் எங்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. "எங்க ஈக்கிற?" என்று தோழியிடம் கேட்க வேண்டும். ஆங்கில எழுத்தில் தட்டினால் அது வெறும் பேச்சு. அதையே தமிழ் எழுத்தில் எழுதினால் 'ஈக்கிற' என்பதன் கீழ் சிவப்புப் பேனைக் கோடு ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. தரம் 3இலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 'எங்கே இருக்கிறாய்?' என்று திருத்தமாக எழுதினால் தோழி, "ஏன்டி நியூஸ் வாசிக்கிற?" என்று கேட்பாள். தமிழ் எழுத்து என்றால் பரீட்சைத் தமிழ், வாய்ப்பேச்சுக்கு ஆங்கில எழுத்து என்று மனதில் ஒரு கோடு விழுந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பேச்சு தாராளமாக எழுத்தில் வருகிற ஒரே இடம் அந்த ஆங்கில எழுத்துச் செய்திதான். அந்தச் சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். அது தமிழ் எழுத்திலும் கிடைக்கலாம் என்பதே என் வாதம்.

இந்த இடத்தில் சில தோழிகள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள். "எந்த எழுத்தில் எழுதினால் என்ன? தமிழ் தமிழ்தானே?"

நல்ல கேள்வி. முஸ்லிம்களாகிய எங்களிடம் அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. தமிழை வேறு எழுத்தில் எழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் மூத்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக அரபு எழுத்தில் தமிழ் எழுதினார்கள். அரபுத் தமிழ் என்றும் அர்வி என்றும் அதைச் சொல்வார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் மகானி, பத்ஹுத் தய்யான் போன்ற நூல்கள் அப்படி எழுதப்பட்டவை. தமிழ்நாட்டுக் கரையிலும் இலங்கைக் கரையிலும் அவை படிக்கப்பட்டன. எங்கள் நாட்டு மலாய் மக்களிடமும் இந்த வழக்கம் இருந்தது: 1869இல் கொழும்பில் வெளிவந்த ஆலாமத் லங்காபுரி என்ற பத்திரிகை அரபு எழுத்தில் அச்சான மலாய்ப் பத்திரிகை.

இதில் பெண்களின் பங்கு பெரிது. தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பப்படாத பெண்பிள்ளைகள் கூட ஓதல் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்தால் அதே எழுத்தைக் கொண்டு தாய்மொழியில் ஒரு நூலையும் படிக்கலாம். தொழுகைச் சட்டம், மாலைப் பாட்டு, மருத்துவக் குறிப்பு எல்லாம் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன. வெளியே போகாத பெண்ணுக்கு வீட்டுக்குள் திறந்த ஜன்னல் அது.

ஆனால் அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அரபியில் பகரம் இல்லை. டகரம், ணகரம், ளகரம் இல்லை. இல்லாவிட்டால் இல்லாமலே எழுதுவோம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இருந்த அரபு எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகள் செய்தார்கள். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புதிய குறிகள் வைத்தார்கள். ஓர் ஊரில் எழுதியதை இன்னோர் ஊரில் பிழையில்லாமல் படிக்க முடிந்தது. அங்கே பள்ளி ஒருநாளும் பல்லி ஆகவில்லை.

நாங்கள் போனில் செய்வது அதுவா? எங்கள் வகுப்புக் குழுமத்தில் 'சந்தோஷம்' என்ற ஒரு சொல்லை எத்தனை விதமாகத் தட்டியிருக்கிறோம் என்று ஒருநாள் எண்ணினேன். ஏழு. வலி, வழி, வளி மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. கறியும் கரியும் ஒரே சட்டியில். அரையும் அறையும் ஒன்று. வாசிப்பவர் யூகிக்க வேண்டும். யூகித்துப் படிக்கிற வரைக்கும் சரி. ஆறு மாதம் கழித்துத் தேடினால்தான் தொல்லை தெரியும். சென்ற தவணை எங்கள் வகுப்பில் ஒருத்திக்குப் பழைய வினாத்தாள் பற்றிய ஒரு செய்தி அவசரமாகத் தேவைப்பட்டது. குழுமத்தில் தேடினாள். அனுப்பியவள் 'வினாத்தாள்' என்பதை எந்த எழுத்துக் கூட்டலில் தட்டினாள் என்று அனுப்பியவளுக்கே நினைவில்லை. இரவு பத்தரை வரைக்கும் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார்கள்.

அரபுத் தமிழைப் பற்றிச் சொல்கிறேனே தவிர அதைப் பாடமாகப் படித்தவள் அல்ல நான். அது எங்கள் வீட்டு அலுமாரி லாச்சியில் இருந்து வந்தது. உம்மும்மாவின் உம்மா விட்டுப்போன ஒரு கொப்பி, வெள்ளைத் துணியில் சுற்றி, மிக மரியாதையாக மேல் தட்டில் வைக்கப்பட்டிருந்தது. அரபு எழுத்து என்பதால் ஓதல் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வுழூ இல்லாமல் தொடமாட்டார்கள். சாதாரணதரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நான் அதைத் திறந்தேன். எழுத்துகள் தெரிந்தவைதான், சிலவற்றில் மட்டும் நான் அறியாத புள்ளிகள். துஆ மாதிரி இழுத்து ஓதிப் பார்த்தேன். ஓர் அர்த்தமும் வரவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் வேகமாக ஓதினேன். அடுப்படியில் இருந்த உம்மும்மா அகப்பையோடு ஓடி வந்தார். "சுக்கு ஒரு துண்டு, நற்சீரகம் ஒரு கரண்டி" என்று நான் ஓதிக்கொண்டிருந்தேனாம்!

அந்தக் கொப்பியில் பிள்ளை பிறந்த நாட்கள் இருந்தன: ஹஜ்ஜு மாதம் பிறை 12, வெள்ளிக்கிழமை, சுபஹுக்குப் பிறகு என்று. ஒன்றரை ரூபாய் கடன் கொடுத்ததும் அது திரும்பி வராததும் இருந்தன. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு குழந்தையின் பெயரும் பிறந்த நாளும் இருந்தன. பக்கத்திலேயே மூன்று மாதம் கழித்து இன்னொரு திகதி. உம்மும்மா அதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தனக்கு முந்திப் பிறந்த ஒரு தாத்தா இருந்தது அவருக்கு அன்றுதான் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கொப்பியை யாரும் எரிக்கவில்லை. யாரும் தடை செய்யவில்லை. துருக்கியில் 1928இல் ஒரு சட்டம் போட்டு அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாட்டன்மாரின் கடிதம் படிக்க முடியாமல் போனது. அங்கே சட்டம் என்ற ஒன்றாவது இருந்தது. எங்களுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. பாடசாலை வந்தது, தமிழ் எழுத்து வந்தது, அது நல்லதுதான். சித்தி லெப்பை அவர்கள் 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். 1885இல் அசன்பே சரித்திரம் எழுதினார். முஸ்லிம் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகவும் உழைத்தார். இப்படி ஓர் இதழில் நான் எழுதுவதற்கு அவரைப் போன்றவர்கள்தான் வழி செய்தவர்கள். ஆனால் பழைய எழுத்தைப் படிக்கக் கூடிய கடைசி ஆள் மௌத்தானபோது, வீட்டில் யாரும் அதைக் கவனிக்கக்கூட இல்லை. கொப்பி இருந்த இடத்திலேயே இருந்து ஊமையாகிவிட்டது.

என் கணக்கு இதுதான். உம்மும்மாவின் உம்மாவுக்கு ஓர் எழுத்து. உம்மும்மாவுக்கு ஓர் எழுத்து. எங்களுக்கு ஓர் எழுத்து. மூன்று பேரும் பேசுவது ஒரே மொழி. ஒருவர் எழுதியதை மற்றவருக்குப் படிக்க முடியாது. கொப்பி அறுபது எழுபது வருடமாவது லாச்சியில் இருந்தது. எங்கள் செய்திகள் போன் உடைந்தால் போயிற்று.

இன்னொரு நட்டமும் இருக்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பு வரும். ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் என் தோழி, "தாத்தாவுக்குக் கல்யாணம், லீவு வேணும்" என்று கொடுத்து ஆங்கிலத்தில் மாற்றினாள். பாட்டனாருக்குக் கல்யாணம் என்று வந்தது! எங்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் அது படிக்கிறது. யூடியூபிலும் படங்களிலும் வருகிற தமிழ் அதிகம் தமிழ்நாட்டுத் தமிழ். அங்கே தாத்தா பாட்டன்தான். எங்கள் தாத்தாவும் நாநாவும் சாச்சியும், சஹனும் வட்டிலப்பமும், "ஈக்கி"யும் "செல்லு"வும் எங்கள் வாயில் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் இணையத்தில் மிகக் குறைவு. குரல் தட்டச்சில் நான் "ஈக்கி" என்று சொன்னால் அது 'ஈட்டி' என்று எழுதுகிறது. இயந்திரத்தைத் திட்டி என்ன செய்வது? அதற்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லையே. என் சின்னத் தங்கை இப்போதே வீடியோக்களைப் பார்த்து மாமியை 'அத்தை' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். மாமிக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை.

சரி, எப்படிப் பழகுவது? கஷ்டம் என்று நினைப்பவர்கள் 247 எழுத்தையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். விசைப்பலகையில் 247 எழுத்து இல்லை. உயிர் 12, மெய் 18, அவற்றோடு சில குறிகள். மற்றதை அதுவே சேர்த்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் முறையும் போனில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் வேகம் பிடித்தவர்களுக்கு அது முதல் படி. நான் அதில் தொடங்கி, பிறகு நேரடித் தமிழ் விசைப்பலகைக்கு மாறினேன். கணினியில் தட்டுபவர்களுக்குத் தமிழ் 99 இருக்கிறது; இலங்கைத் தரத்தில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கிறது. எது கைக்கு வருகிறதோ அது. இஷாவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம், ஏதாவது ஒரு பந்தி. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் ஆங்கில எழுத்தை விட வேகமாகிவிட்டது. ஏனென்றால் இரண்டு எழுத்துத் தட்டியதும் மீதியைப் போனே ஊகித்துத் தருகிறது.

இதைத்தான் நான் இப்போது பொழுதுபோக்கு என்கிறேன். பொழுதுபோக்கு என்றால் இன்று ஒரு 'பேஜ்' திறக்க வேண்டும், படம் போட வேண்டும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும் என்று ஆகிவிட்டது. மருதாணி போடுகிறவளுக்கும் பேஜ், கேக் அடிக்கிறவளுக்கும் பேஜ். விற்கிறவர்கள் திறக்கட்டும், அதில் தவறில்லை. விற்காதவளுக்கு எதற்கு? பெற்றோருக்கு இங்கே ஒரு நியாயமான பயம் இருக்கிறது: பெண்பிள்ளையின் முகம் யார் யாருடைய போனில் எல்லாம் போய் நிற்கும் என்று. தமிழில் தட்டுவதற்கு முகம் தேவையில்லை, குரல் தேவையில்லை, சொந்தப் பெயர்கூடத் தேவையில்லை.

செய்வதற்கு இடமும் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்கத்திலிருந்து கட்டியெழுப்பிய முக்கியமானவர் இ. மயூரநாதன், எங்கள் நாட்டவர், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இப்போது அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. உங்கள் ஊரைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குத் தேடிப் பாருங்கள். பல ஊர்களுக்கு நாலு வரிதான் இருக்கும். ஆனால் ஒன்று: எங்கள் உம்மும்மா சொன்னார் என்று அங்கே எழுத முடியாது. அச்சில் வந்த ஆதாரம் கேட்பார்கள். அது நியாயமான விதி. எங்களுக்கு மட்டும் அது கொஞ்சம் கடினமான விதி. எங்கள் ஊர் வரலாறு அச்சில் வந்ததே குறைவு. அதனால்தான் பாடசாலை மலர்கள் முக்கியம் என்று நினைக்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதில் பாடசாலை மலர்களும் இருக்கின்றன. இந்த இதழில் ஒரு மாணவி தன் ஊர்ப் பள்ளிவாசலைப் பற்றியோ, பழைய கந்தூரி ஒன்றைப் பற்றியோ உம்மும்மாவிடம் கேட்டு எழுதினால், அது நாளைக்கு ஒருவருக்கு ஆதாரம். நிலவைப் பற்றியும் மழையைப் பற்றியும் கவிதை எழுதுகிற தோழிகள் என்னை மன்னிக்க வேண்டும். அதையும் எழுதுங்கள். நிலவைப் பற்றி எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது.

பெற்றோரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். பதினைந்து நிமிடத்தால் பெறுபேறு குறையாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்க்கிற நேரத்தில் அதை எடுக்கலாம். போனில் எத்தனை மணித்தியாலம் இருந்தாய் என்று கேட்பதோடு, இன்றைக்கு அதில் என்ன எழுதினாய் என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். மற்றது, குழுமத்தில் பிள்ளை முதன்முதலாகத் தமிழில் ஒரு வரி எழுதினால், அதில் றகரம் பிழை என்று எல்லோர் முன்னும் திருத்தாதீர்கள். எங்கள் குழுமத்தில் ஒரு மாமா அப்படித் திருத்தினார். எழுதிய மச்சிக்கு வயது பதினொன்று. அதற்குப் பிறகு அவள் படம்தான் அனுப்புகிறாள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கலாம் என்றால்: கட்டுரையில் சிவப்புக் கோடு போடுங்கள், அது உங்கள் உரிமை. வருடத்தில் ஒருமுறையாவது ஊர்ப்பேச்சிலேயே எழுதச் சொல்லி ஒரு பயிற்சி தாருங்கள். 'ஈக்கி' என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கிற ஒரு பயிற்சி.

எங்கள் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் தமிழ் எழுத்தல்ல, விட்டுவிடுங்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் வகுப்பு இடாப்பை அவர்களிடம் கொடுத்து, அந்த நாலு எழுத்தும் இல்லாமல் ஒருமுறை கூப்பிடச் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குத் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாது.

கொப்பியில் 62 பக்கங்கள். இதுவரைக்கும் 19 பக்கங்களைத் தமிழ் எழுத்தில் தட்டியிருக்கிறேன். நான் ஓதுவேன், உம்மும்மா சொல்லைப் பிடித்துத் தருவார், நான் தட்டுவேன். இருவரில் ஒருவரால் மட்டும் செய்ய முடியாத வேலை. பதினான்காம் பக்கத்தில் நிற்கிறோம். பிள்ளையின் நெஞ்சுச் சளிக்கு ஓர் இலையை அவித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. இலையின் பெயரில் முன்பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. "ட்டை இலை" என்பது மட்டும் மீதி. பாவட்டை என்கிறார் உம்மும்மா. முசுட்டை என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. இரண்டு பேரும் சத்தியம் செய்யத் தயார். தட்டிய பிரதியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் இதைப் பற்றித் தெரிந்த யாராவது இருந்தால், தமிழ் மன்றப் பெட்டியில் ஒரு துண்டு எழுதிப் போடுங்கள்.